எது முதலாளி

ஐப்பசி மழையில் பதனிட்ட தோல் காயாமல் பேரணாம்பட்டு தோல்ஷாப்பே நாறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சுப்பராயன் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி நயீம் அகமது மெட்ராஸிலிருந்து ஆகாய மார்க்கமாக வருகிறாராம். ரயில் பாதை உடைந்துவிட்டது, மகளின் நிக்காஹ் நெருங்கிவிட்டது, பிளேன் ஓட்டத் தெரிந்த வாலிபன் ஒருவனும் கிடைத்துவிட்டான். மனிதர் கொஞ்சம் பொறுத்தால் என்ன? பொறுமை என்ற சரக்கு அவரிடம் என்றைக்குமே கிடையாது.

வேலூருக்கு வெளியே இருந்த விமானத் திடலில் சுப்பராயன் காரோடு காத்திருந்தான். மேகம் மலையை மூடித் தரைவரைக்கும் இறங்கியிருந்தது. சத்தம் மட்டும் தலைக்கு மேல் சுற்றியது, போயிற்று, மறுபடி வந்தது. இறங்க இடம் தேடுகிறார்கள் என்று அவனுக்கே புரிந்தது.

“திரும்பிப் போய்டுங்க முதலாளி!” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான். யாருக்குக் கேட்கும்? மேகத்தை விட்டு அந்தச் சின்ன விமானம் வெளியே வந்தபோது புளியமர உயரம்கூட இல்லை. மரத்தில் இடித்தது, கவிழ்ந்தது, பற்றிக்கொண்டது. அத்தனை மழையிலும் எரிந்தது.

ஏரியில் பிணம் மிதந்தாலும் கிணற்றில் ஊறினாலும் அந்த வட்டாரத்துப் போலீஸ் தூக்க ஆள் தேடுவது தோல்ஷாப்பில்தான். வந்த இன்ஸ்பெக்டரும் வழக்கத்தை விடவில்லை. “தோல்ஷாப்பு ஆளுதானே? உனக்கு நாத்தம் இன்னா புதுசா? தூக்குய்யா.”

தூக்கினான். கோணியில் கிடத்திய இரண்டு உடல்களும் ஒரே உயரம், ஒரே பருமன். முகம் இல்லை, துணி இல்லை.

“இதுல எது உன் முதலாளி?”

இருபது வருஷம் கூடவே நின்று திட்டு வாங்கிய மனிதரை அடையாளம் தெரியவில்லையே என்று சுப்பராயனுக்கு வெட்கமாக இருந்தது. “தெரியலிங்க.”

“தெரியலன்னா ரெண்டும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவும். எப்ப கைக்கு வரும்னு சொல்ல முடியாது.”

பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று அங்கே வீட்டில் காத்திருப்பார்கள். முதலாளியம்மா நசீமுன்னிசாவை நினைத்தான்.  குத்துமதிப்பாக ஒன்றின் பக்கம் கையை நீட்டி, “அதுதாங்க” என்றான்.

வீட்டில் வெள்ளைத்துணி சுற்றியதை யாரும் திறக்கவில்லை. நசீமுன்னிசா திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். “மூஞ்சி பாக்க வேணாம்னு எல்லாரும் சொல்றாங்க, சுப்பராயன். நீ பாத்த இல்ல? அவருதானே?”

“அவருதாம்மா.”

“நீ சொன்னா போதும்.”

அதற்குப் பதிலாக அவள் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வேலூர் பஸ் ஏறினான். அந்த வாலிபனைப் பாலாற்றங்கரையில் எரிக்கப்போகிறார்கள். ஒருவேளை அது முதலாளியாக இருந்தால்? புதைக்க வேண்டிய மனிதரைச் சிதையில் வைக்கலாமா? உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனான்.

கரையில் வெட்டியானைத் தவிர, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த, அந்த வாலிபனின் தகப்பன் ஒருவர்தான் நின்றிருந்தார்.

“நீங்கதான் தூக்குனீங்களாமா? மூஞ்சியே இல்லீங்க. இது எம் பையன்தானுங்களா?”

 உண்மையைச் சொன்னால் பேரணாம்பட்டில் புதைத்த குழியைத் தோண்டுவார்கள். தோண்டினாலும் எது யார் என்று எவன் சொல்வான்? முதலாளியம்மாவுக்கும் புருஷன் இல்லை, இவருக்கும் பிள்ளை இல்லை என்று ஆகிவிடும்.

“உங்க பையன்தான், சாமி.”

அதுவரை அடக்கி வைத்திருந்த கிழவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே சுப்பராயனின் கையைப் பிடித்து வாய்க்கரிசியை வைத்தார். “இந்த ஊர்ல அவனுக்குன்னு யாருமில்லீங்க. நீங்களும் ஒரு வாய் போடுங்க.”

சுப்பராயன் குனிந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலாளி என்று அழுவதா, தம்பி என்று அழுவதா என்று தெரியாமல் அரிசியைப் போட்டான்.