திறக்காத பதினேழு பெட்டிகள்

குணேஸ்வரியின் முட்டைக்கோழி ஒரு லொறிக்காகப் போனது. ஓடுகிற லொறி என்றாலாவது அவள் மனம் ஆறியிருக்கும். இது அட்டைப் பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிற மர லொறி. வெட்டி, செதுக்கி, ஒட்டி, மை பூசி முடித்தால் ஒரு சாண் நீளம் வருமாம். முடித்தால்தானே! அவளுடைய புருசன் இரத்தினசிங்கம் அப்படிப் பதினேழு பெட்டிகள் சேர்த்து வைத்திருந்தார். பதினேழில் ஒன்றைக்கூட இன்னும் திறக்கவில்லை.

இரத்தினசிங்கத்துக்கு நேவிக் கப்பல்கள் திருத்துகிற டொக்யாட் களஞ்சியத்தில் கிளாக்கர் வேலை. கப்பல்களில் வருகிற வெள்ளைக்காரப் பெடியன்கள் கடலில் பொழுது போவதற்கென்று இந்தப் பெட்டிகளைக் கொண்டு வருவார்கள். திருகோணமலைக்கு வந்து சேருவதற்குள் அவர்களுக்கு அது அலுத்துவிடும். தகர டின்னில் அடைத்த இறைச்சியைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போய் நிற்கிறவனிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தையோ ஒரு சட்டி தயிரையோ காட்டினால் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவான். சண்டையால் அரிசியே கூப்பனுக்கு வருகிற காலத்தில் வீட்டுக்கு வரவேண்டிய தயிரெல்லாம் இப்படித்தான் லொறியாகவும் பஸ்ஸாகவும் மாறி அலுமாரிக்குள் போனது. குணேஸ்வரியின் சேலைகள் கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் பாயை விரிப்பார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் துவாயால் துடைத்து வரிசையாக அடுக்குவார். பட்டாள லொறிகள் ஒரு பக்கம், தபால் வண்டியும் தீயணைக்கிற வண்டியும் மறுபக்கம். மூடியில் இருக்கிற படத்தைப் பார்ப்பார். திருப்பி, அடியில் அச்சடித்திருக்கிற அளவுகளை வாய்க்குள் வாசிப்பார். காதோடு வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். கலியாணமாகி ஒன்பது வருசத்தில் தன்னைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு அவர் சிரித்ததாக குணேஸ்வரிக்கு ஞாபகமில்லை. விறகு கொத்தித் தரச் சொன்னால் இடுப்புப் பிடிக்கும் இந்த மனிதருக்கு, பாயில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருக்கும்போது மட்டும் இடுப்பு எங்கே போகிறதோ தெரியாது.

குண்டு வீச்சு நடந்து சீனன்குடா எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்த அன்று ஊரே வெளிக்கிட்டு ஓடியது. இவர்களும் அப்துல் மஜீத்தின் தோணியில் மூதூருக்குப் போய், அங்கிருந்து கிளிவெட்டியில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அப்போது பெட்டிகள் ஒன்பது. வீட்டில் இருந்த அரிசி மூட்டையை விட்டுவிட்டு ஒன்பதையும் பாயில் சுற்றித் தோளில் சுமந்து வந்தார் மனிதர். "உதுக்குள்ள என்ன தம்பி, மருந்தோ?" என்று அப்துல் மஜீத் கேட்டார். "லொறி" என்றார் இவர். "ஒன்பது லொறியோ? என்ர தோணி தாங்காது" என்று அவர் சிரிக்க, தோணியிலிருந்த அத்தனை பேரும் குண்டுப் பயத்தை மறந்து சிரித்தார்கள். குணேஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அக்கா வீட்டில் வெறுங்கையோடு போய் நின்றது அவள்தானே.

அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். இந்த வருசம் அவருக்குப் புதுச் சந்தேகம் ஒன்று முளைத்தது. பெட்டி செய்கிற கொம்பனிக்காரன் அளவுகளைச் சரியாகத்தான் போடுகிறானா? அடிக்கு அரை அங்குலம் என்று எழுதியிருக்கிறானே, அது உண்மையா? இது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. குடைத் தடியில் அங்குலம் அங்குலமாகக் கத்தியால் கோடு கீறினார். வேலை முடிந்து வருகிற வழியில், உள்துறைமுக வீதியோரம் வரிசையாக நிற்கிற நேவி லொறிகளுக்குப் பக்கத்தில் குடையை நட்டு, சில்லின் உயரம், பின்பெட்டியின் நீளம், முன்கண்ணாடியின் அகலம் எல்லாவற்றையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதினார். மழையுமில்லை வெயிலுமில்லை, ஒரு கறுத்த மனிதர் பின்னேரத்தில் லொறியைச் சுற்றிச் சுற்றிக் குடை பிடித்தால் காவல் நிற்கிறவன் என்ன நினைப்பான்? அந்தக் கேள்வி மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை.

திங்கட்கிழமை காலையில் சப்-இன்ஸ்பெக்டர் பாக்கியரத்தினம் அந்தக் கொப்பியோடு வீட்டுக்கு வந்தார். இரத்தினசிங்கம் அவருக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். டொக்யாட் வாசலில் வைத்தே பிடித்துவிட்டார்களாம்.

"உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம் ஐயா."

"நேவிக்காரற்ர லொறியின்ர நீளம், அகலம், உயரம். அரைக்கால் அங்குலம் பிசகாமல் எழுதியிருக்கிறியள். ஆருக்கு எழுதினனீங்கள்?"

"எனக்குத்தான் ஐயா. விளையாட்டு லொறி செய்யிறதுக்கு."

"அப்ப செய்த லொறியைக் காட்டுங்கோ."

இரத்தினசிங்கம் அலுமாரியைத் திறந்தார். பாக்கியரத்தினம் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"லொறி எங்கை?"

"எல்லாம் உள்ளுக்குக் கிடக்கு ஐயா."

"உள்ளுக்கு மரத்துண்டு கிடக்கிறது எனக்கு என்னத்துக்கு? ஆரும் நாலு பெட்டியை வாங்கி அடுக்கி வைச்சிட்டு இப்பிடிச் சாட்டுச் சொல்லலாம். பதினேழு பெட்டி வைச்சிருக்கிறியள், ஒரு லொறி இல்லை. துரைமாருக்கு நான் என்னெண்டு ரிப்போட் எழுதுறது?" அவர் கதிரையிலிருந்து எழும்பினார். "வியாழக்கிழமை மத்தியானம் வருவன். இந்தக் கொப்பியில இருக்கிற அளவுக்குச் செய்த லொறி ஒண்டு மேசையில நிக்க வேணும். இல்லாட்டி உங்கட டொக்யாட் பாஸ் போகும். விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்புவினம். சண்டைக் காலம், போற ஆக்கள் எப்ப திரும்பி வருவினம் எண்டு என்னால சொல்ல ஏலாது."

அவர் போனதும் குணேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். வேவுகாரனின் பெண்சாதி என்று தண்ணி அள்ளுகிற இடத்தில் கதைப்பார்களே என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், இந்த மனிதரைக் கொண்டுபோய் அடைத்தால் அங்கே யாரிடம் எதைச் சொல்லி மாட்டுப்படுவாரோ என்பது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் பெட்டி தெரிந்தெடுத்தார். இது இனிக் கிடைக்காது. இதைத் தந்த பெடியன் கப்பலோடு கடலுக்கடியில் தாண்டுபோனான், அவன் ஞாபகமாக இருக்கட்டும். இதன் மூடி வெயிலில் கொஞ்சம்கூட நிறம் மங்கவில்லை, இதைப் போய்த் திறக்கிறதோ? பொழுதுபடும்வரை பதினேழையும் இறக்கி, பதினேழையும் திரும்ப ஏற்றினார். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்ற சட்டத்தால் இருட்டினால் ஒரு வேலையும் செய்ய ஏலாது. ஒரு நாள் போயே போய்விட்டது.

புதன்கிழமை காலை, "நல்ல பசை கிடைச்சால்..." என்று அவர் தொடங்கினார்.

குணேஸ்வரி வெடித்தாள். "நாளைக்கு உங்களைக் கொண்டு போகப் போறாங்கள்! பசை பசை எண்டு நிக்கிறியளே! என்ர கோழி போச்சு, தயிர் போச்சு, அலுமாரி போச்சு. இப்ப நீங்களும் போகப் போறியள். நான் இந்தப் பெட்டிகளோட குடும்பம் நடத்துறதோ?" குசினிக்குள் போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தாள். கோழிக்கு வந்த பெட்டியைப் பார்த்து எடுத்தாள். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த கடதாசிப் பட்டியில் ஒரே கீறல். இரத்தினசிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

உள்ளே முருங்கைத் தடியைவிடப் பாரமில்லாத வெள்ளை மரக்கட்டைகள் ஐந்தாறு, ஒரு சின்னக் குழாயில் பசை, நாலாக மடித்த வரைபடம். கட்டைகளின் மேல் வெட்டவேண்டிய கோடுகள் மட்டும் அச்சடித்திருந்தன. "இந்தாங்கோ" என்று கத்தியை நீட்டினாள். அவர் வாங்கினார். கட்டையில் வைத்தார். வைத்த இடத்திலேயே கத்தியை விட்டுவிட்டார்.

"எனக்கு ஏலாது, குணம்."

"ஏன் ஏலாது?"

"எனக்கு வெட்டத் தெரியாது. ஒருநாளும் தெரியாது. பள்ளிக்கூடத்தில ஒரு பட்டம்கூட ஒழுங்காக் கட்டேல்லை நான்." அவர் கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெட்டி மூடிக் கிடக்குமட்டும் உள்ளுக்கு இருக்கிற லொறி திறமான லொறி. திறந்தா நான் செய்த லொறியாப் போயிடும்."

ஒன்பது வருசமாக அந்த ஆள் அலுமாரிக்கு முன்னால் சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பயந்து போய் இருந்திருக்கிறார். அவர்மேல் இரக்கம் வந்தது. இதை முதலே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் கூட வந்தது.

"சரி, வாசியுங்கோ" என்று கட்டையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள்.

அவர் வரைபடத்தைப் பார்த்து வாசித்தார், அவள் வெட்டினாள். மீன் செட்டை அரிகிற கைக்கு இந்த மரம் ஒரு பொருட்டில்லை. சில்லை வட்டமாக எடுக்கச் சிரட்டைத் துண்டால் சுரண்டினாள். "நேரில நிக்கிற லொறிக்கு இந்த இடம் கொஞ்சம் சரிவு, குணம்" என்று அவர் கொப்பி இல்லாமலே சொன்னார். அவருக்கு எல்லா அளவும் பாடம். முன்மூக்கு உருண்டு வந்தபோது அவளையறியாமல் கையில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பகல் சோறு வைக்க மறந்துபோனது. இருட்டும்வரை வெட்டி, வியாழன் விடிந்ததும் ஒட்டி, சில்லுகளுக்கு அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினாள். பத்து மணிக்கு லொறி மேசையில் நின்றது. முன் இடது சில்லு மட்டும் நிலத்தில் முட்டவில்லை.

"ஆர் செய்தது எண்டு கேட்டா நீங்கள் எண்டு சொல்லுங்கோ" என்று அவள் நாலு தரம் படித்துப் படித்துச் சொன்னாள்.

பாக்கியரத்தினம் அடிமட்டத்தோடு வந்தார். லொறியை அளந்தார், கொப்பியைப் பார்த்தார், திரும்ப அளந்தார். அடிக்கு அரை அங்குலக் கணக்கில் எல்லாம் பொருந்தியது.

"நீங்கள் செய்ததோ?"

"ஓம்..." என்றார் இரத்தினசிங்கம். குணேஸ்வரிக்கு மூச்சு வந்தது.

"அப்ப இந்த மிச்சத் துண்டில இன்னொரு சில்லு வெட்டிக் காட்டுங்கோ" என்று பாக்கியரத்தினம் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை விரித்து நீட்டினார்.

இரத்தினசிங்கம் கத்தியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வாயைத் திறக்காதீர்கள் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் திறந்தார்.

"பொய் சொல்லிப் போட்டன் ஐயா. நான் செய்யேல்லை. எனக்கு ஒரு சில்லு வெட்டத் தெரியாது. இவதான் செய்தவ."

குணேஸ்வரி தலையில் கை வைத்தாள். முடிந்தது.

"செய்யத் தெரியாதெண்டா ஏன் ஐயா பதினேழு பெட்டி வாங்கினனீங்கள்?" பாக்கியரத்தினத்துக்கே குரல் உயர்ந்துவிட்டது.

அதற்கு அவர் மறுமொழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். ஆட்டும்போது தபால் வண்டி ஒரு சத்தம், பஸ் ஒரு சத்தம் என்றார். எந்தப் பெட்டியை யார் தந்தான், எந்தக் கப்பல், அவனுக்கு எந்த ஊர் என்று ஒன்று விடாமல் சொன்னார். கொம்பனிக்காரன் ஒரு சில்லில் மட்டும் கால் அங்குலம் பிழை விட்டிருக்கிறான் என்றும், அதைத் தான் கண்டுபிடித்த அன்று நித்திரையே வரவில்லை என்றும் சொன்னார். களஞ்சியத்தில் நாள் முழுக்க மற்றவனின் ஆணியையும் கயிற்றையும் எண்ணுகிறேன், இதில் மட்டும் நான் பார்க்கிறதெல்லாம் எனக்கு என்றார். அவருடைய முகம் வெளித்துக்கொண்டே போனது. கைது செய்ய வந்தவருக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை மனிதர் மறந்தேபோனார்.

பாக்கியரத்தினம் பென்சிலைக் கீழே வைத்தார். "இதை நான் இங்கிலீசில எப்பிடி எழுதுறது?" என்று குணேஸ்வரியைப் பார்த்துக் கேட்டார். "வேவுகாரன் எண்டா இதைவிட நல்ல பொய் ஒண்டு வைச்சிருப்பான் தங்கச்சி. இனிமேல் அந்தக் குடை வீட்டில இருக்கட்டும்." எழும்பி லொறியைக் கையில் எடுத்தார்.

"அதை வைச்சிட்டுப் போங்கோ" என்றாள் அவள்.

"இது சாட்சி. ரிப்போட்டோட போக வேணும்."

"எப்ப திருப்பித் தருவியள்?"

"உங்கட புருசனை விட்டிட்டுப் போறன், நீங்கள் லொறியைக் கேக்கிறியளோ?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓர்ஸ் ஹில் வீதி ஏற்றத்தில் அவருடைய அக்குளுக்குள் இருந்து லொறியின் பின்பக்கம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. புருசன் தப்பிவிட்டார், அதற்கு அழுதிருக்கலாம். அவள் அழுதது லொறிக்காக. அந்த முட்டாத சில்லை இன்னொரு தரம் கழற்றிச் சரிப்படுத்த நினைத்திருந்தாள்.

உள்ளே வந்தபோது இரத்தினசிங்கம் பாயில் இருந்தார். ஒரு பெட்டி மட்டும் மடியில் கிடந்தது.

"இதில பஸ் கிடக்கு" என்றார்.

"திறந்தா பிறகு மூட ஏலாது."

"ஓம்."

அவர் நகத்தை விட்டு அந்தக் கடதாசிப் பட்டியைத் தானே கிழித்தார். பாதியில் ஒருதரம் நின்றார், பிறகு முழுக்கக் கிழித்தார். குணேஸ்வரி குசினிக்குள் போய்க் கத்தியைக் கழுவிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். முதல் சில்லை அவர் பழுதாக்கினார். இரண்டாவதையும் பழுதாக்கினார். மரத்தை இப்படியா கொலை செய்வது என்று அவள் திட்டித் தீர்த்தாள். கத்தியை மட்டும் அவள் திருப்பி வாங்கவில்லை.