குமுளி மலையில் இரண்டு கார்கள்

பெரியகுளத்து அழகர் முதலாளியிடம் பதினோரு வருஷமாக டிரைவராக இருந்தான் தவசி. வயது நாற்பது, கல்யாணம் இல்லை. கார் கொட்டகையிலேயே ஓரமாகக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வான்.

பழைய கார் இனி தேறாது என்று ஆன சமயத்தில், சீமைக்குத் திரும்பும் ஒரு தோட்டத்துரை தன்னுடைய இரண்டு கார்களையும் விற்கப்போவதாகத் தகவல் வந்தது. ஒன்று ஏழு பேர் ஏறும் கறுப்புக் கார். மற்றது இரண்டே சீட்டுள்ள சிவப்புக் கார்.

"ரெண்டையும் குமுளி மலை ஏத்திப் பாத்துட்டு உள்ளதச் சொல்லுப்பா" என்றார் முதலாளி.

முதல் நாள் கறுப்புக் காரில் முதலாளி குடும்பமே ஏறிக்கொண்டது. மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்துதான் மேலே போனார்கள். ஆனால் கம்பம் ரோட்டுக் குண்டுகுழியில் ஒருவருக்கும் முதுகு நோகவில்லை. திரும்பும்போது இரண்டு மூட்டை நெல்லும் ஏற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் முதலாளிக்குத் தாலுகா ஆபீசில் வேலை. சிவப்புக் காரைத் தவசி தனியாக எடுத்துப் போனான். அடிவாரத்தில் மிதித்தவன் உச்சியில்தான் காலைத் தளர்த்தினான். எஞ்சின் முனகக்கூட இல்லை. "என்னமா ஏறுது" என்று வாய்விட்டுச் சொன்னான். கேட்க ஆளில்லை.

இறங்கி வரும் வழியில், உத்தமபாளையத்தில், என்ன நினைத்தானோ, மேற்கே திருப்பினான். பண்ணைப்புரத்தில் அவன் தங்கை இருளம்மாள் இருந்தாள். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று அவள் கல்யாணத்துக்குக்கூட அவன் போகவில்லை. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டு மாயக்காள் வெளியே வந்தாள்.

"அவுக போயி நாலு வருசமாச்சே. மலையாளத்து ஏலத்தோட்டத்துக்குப் போனாக. நீங்க யாரு?"

"அண்ணன்."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அண்ணன் இருக்காகன்னு அது சொன்னதே இல்லியே" என்றாள்.

அன்று சாயங்காலம் முதலாளி கேட்டார். "எது தேவல தவசி?"

"மலைக்குச் செவப்பு. அதுகூடக் கறுப்பு நிக்காது. ஆனா செவப்பு தாழ இருக்கு, நம்ம ரோட்டுல அடி தட்டுது. வீட்டுக்குக் கறுப்புத்தான்யா. அதுல ஆளு ஏறும்."

முதலாளி சிரித்தார். வாங்கியது சிவப்பைத்தான். அதை அவரே ஓட்டினார், பக்கத்தில் வீட்டம்மா உட்கார்ந்தார்கள். தவசி உட்கார அதில் இடமில்லை.

"நீ தொடச்சு, எண்ணெய் போட்டு வச்சுக்க. சம்பளத்துல கொற வைக்க மாட்டேன்" என்றார். சொன்னபடியே கொடுத்தும் வந்தார். இரண்டு மாதம் துடைத்தான். பேச்சுக்குக்கூட யாரும் கொட்டகைப் பக்கம் வரவில்லை. மூன்றாவது மாதம் சொல்லிக்கொண்டு குமுளிக்குப் பஸ் ஏறினான்.

குமுளிக்கு அப்பால் வண்டன்மேட்டில் ஒரு ஏலத்தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. ஏலக்காய் ஏற்றப் போகும் இடமெல்லாம் இருளம்மாளை விசாரித்தான். மழை ஓய்ந்த பிறகு ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

"பேரு இருக்குப்பா. புருசனுக்குக் காய்ச்சல் கண்டு, போன வருசமே கணக்கு முடிச்சுக்கிட்டாக. எங்கன போனாகன்னு தெரியல."

தவசி தன் பெயரையும் லாரி நிற்கும் இடத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னான். இருளம்மாள் வந்தால் கொடுப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு, சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கும் போவதில்லை. லாரிப் படியில் உட்கார்ந்து, மலையிலிருந்து இறங்கி வரும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.