பாதாம் உடைத்த டெர்மினேட்டர்

ஒரேயொரு பாதாம் கொட்டையைக் கொண்டு நூற்றுப்பத்துக் கம்ப்யூட்டர்களை இருபது நாள் படுக்கையில் தள்ளிய ஆள் இந்தப் பூமியிலேயே நான் ஒருவன்தான்.

ஓய்வு பெற்றவர்களின் மாதக் கூட்டத்தில் இதை நான் அறிவித்ததும் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சைபரைச் சேர்த்துச் சொல்வேன் என்பதால் ஆபீசில் எனக்குப் பெயரே 'சைபர்'.

"நூத்திப்பத்தா? நம்ம ஆபீஸ்ல நாற்காலியே அத்தனை கிடையாதேய்யா!" என்றார் பழைய கணக்கர்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தபால் பிரிவு அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. சைபர்களைக் கழித்துவிட்டால் அன்று நான் சொன்னது முழு உண்மை, அவருக்காகவே சொன்னது.

"அது என்னால வந்த வினைப்பா," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெளிச்சம் வேணும்னு மேசைய ஜன்னல் பக்கம் ஒரு சாண் இழுத்தேன். ஒயர் போச்சு. இருபத்தஞ்சு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இப்ப அதுக்கும் நீதான் சொந்தக்காரனா?"

அப்போது அவர் பையில் ஃபோன் அடித்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள். அக்கா அதை இரண்டு விரலால் எடுத்துக் கணக்கரிடம் நீட்டினார். "நீங்களே அமுக்கிக் குடுங்க. என் கை பட்டா எந்த மெஷினும் படுத்துடும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகளிடம் பேசி முடித்ததும் கதையை முதலிலிருந்து தொடங்கினேன்.

அந்தக் காலத்து நெட்வொர்க் என்பது ஒரே கறுப்புக் கோஆக்சியல் கேபிள். அதைப் பராமரித்த என் அறையில் புறப்பட்டு, மேசை மேசையாக எல்லாக் கம்ப்யூட்டரின் முதுகையும் தொட்டுக்கொண்டு, தபால் பிரிவில் போய் முடியும். இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்று ஓர் உலோக மூடி. கட்டைவிரல் நுனி அளவுதான். அதில் ஒன்று கெட்டாலும் மொத்த வரிசைக்கும் மூச்சு நின்றுவிடும். நடுவில் ஓர் இணைப்பு தளர்ந்தாலும் அதே கதிதான்.

"கேபிளை மோந்து பாத்தே கோளாறு எங்கன்னு சொல்லிடுவேன், ஞாபகம் இருக்கா?"

"மோந்து பாத்தது ஞாபகமில்ல. மேசைக்கடியில படுத்துக் குறட்டை விட்டது நல்லா ஞாபகமிருக்கு," என்றார் கணக்கர்.

கோளாறு வந்த அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என் கையில் ஓட்டோடு ஒரு பாதாம் கொட்டை. கருவிப்பை மாடியில், எனக்கோ சோம்பல். மேசைக்கடியில் கைவிட்டு, என் பக்கத்து முனை மூடியைக் கழற்றி நாலு போடு போட்டேன். ஓடு உடைந்தது. பருப்பைத் தின்றுவிட்டு மூடியைத் திரும்ப மாட்டினேன். எல்லாரும் வந்து உட்கார்ந்தபோது ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை.

கோளாறு தேட ஒரு முறை உண்டு. முனையிலிருக்கும் மூடியை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போக வேண்டும். அங்கே கேபிளைப் பிரித்து மூடியை மாட்டினால் மிச்ச வரிசைக்கு உயிர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த மேசை. ஒவ்வோர் இணைப்பையும் துடைத்துத் துடைத்து அப்படியே போனேன். எங்கும் உயிர் வரவில்லை. நோயைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறேன்! கடைசியில் மிஞ்சியது அக்காவின் மேசை. அது ஒரு சாண் நகர்ந்திருந்தது. "இங்கதான் சார்," என்று மேனேஜருக்கு விரலை நீட்டிக் காட்டினேன்.

எல்லார் முன்னாலும் அவர் அக்காவைத் திட்டினார். அக்கா அழவில்லை. இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

புதுக் கேபிள், புது மூடிகள் போட்டதும் எல்லாம் ஓடியது. எனக்குக் கைதட்டினார்கள். பழைய மூடியை மேசைமேல் எறிந்தபோதுதான் உள்ளே ஏதோ உருண்டது. ஆட்டிப் பார்த்தேன். நான் போட்ட போட்டில் உள்ளிருந்த ரெசிஸ்டர், அந்த மூடிக்கு உயிரான சின்ன மின்தடை, உடைந்து தனியே கழன்றிருந்தது. அக்காவைக் கிடங்குக்கு மாற்றும் ஆர்டரில் அப்போது கையெழுத்துகூட விழவில்லை. மேனேஜர் அறை வாசல்வரை போனேன். "வாய்யா மந்திரவாதி!" என்றார் அவர். நான் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்த இடத்தில் எதையும் கூட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றே," என்றார் அக்கா. "நீ விட்ட புளுகுலயே இதுதான் பெரிசு."

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்தேன். தூக்கியெறியவும் முடியாமல், கண்ணில் படும்படி வைக்கவும் முடியாமல் இத்தனை வருஷம் நான் ஒளித்து வைத்திருந்த மூடி. "காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்கக்கா."

அவர் கைகள் பின்னால் போயின. "நான் தொட மாட்டேம்பா."

"செத்துப்போனதுதான்க்கா. இனிமே சாகறதுக்கு அதுல ஒண்ணுமில்ல."

வாங்கினார். ஆட்டினார். கடகடவென்றது. மறுபடி ஆட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூடியின் நசுங்கிய விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொண்டை ஊசியை உருவி, விளிம்பிலிருந்த பள்ளத்தில் நோண்டினார். பழுப்பாக ஒரு துணுக்கு உள்ளங்கையில் விழுந்தது. பாதாம் ஓடு.

"ஆறு வருஷம் கிடங்குல இருந்தேன்."

"தெரியும்க்கா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா மூடியைத் திருப்பித் தரவில்லை. தன் பையில், ஃபோனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னக்கா, நெசந்தானா?" என்றார் கணக்கர்.

"பதினோரு கம்ப்யூட்டர். ரெண்டு நாள்," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமலே. "கொட்டை மட்டும் ஒண்ணேதான். நடந்திருக்கு."