புலிப் போர்வை

“டீயோட நிறுத்தியிருக்கலாம்ல லாத்தா? பிஸ்தாவெல்லாம் எதுக்கு வச்சீக?”

“வீடு தேடி வந்தவுகளுக்கு வெறும் டீயா குடுக்கச் சொல்றே?”

“பிஸ்தாவும் என்னோடது, போர்வையும் என்னோடது. அந்தம்மா பாத்துட்டுப் போனது என் வீட்டைத்தான்.”

லாத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் அடுத்த வீட்டு மாஷிதா வேடிக்கையாகத்தான் சொன்னாள். கேட்டதும் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். நூர் நிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் புலிப் படம் போட்ட வெளிநாட்டுப் போர்வை இன்னும் விரித்தபடியே கிடந்தது. புலி அவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

மகள் இஃப்ராவின் பள்ளியில் எட்டாவதோடு வகுப்பு முடிகிறது. அதற்கு மேல் ராமநாதபுரம் போக வேண்டும். வசதியில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக்குக் கூடுதல் நிதி வந்திருப்பதாகவும், வேன் செலவை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு மேடம் வந்து வீட்டு நிலைமையைப் பார்ப்பார். வேன் கிடைக்காவிட்டால் இஃப்ரா வீட்டோடுதான்.

மேடம் எதற்காக வருகிறார் என்பது நூர் நிஷாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், விடிந்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. வருகிறவரை வெறும் கட்டிலில் எப்படி உட்காரவைப்பது? போர்வை வந்தது, பூப்போட்ட கண்ணாடித் தட்டு வந்தது, பிஸ்தா வந்தது. வீட்டுக்காரரைப் பற்றி மேடம் கேட்டபோது, வாய் பழகிய பதிலைச் சொல்லிவிட்டது.

“சபர்ல இருக்காக.”

பொய்யில்லை. நெய்னா முகம்மது வளைகுடாவில்தான் இருக்கிறார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்களின் அறையில் சமைத்துப் போட்டு, அதற்குப் பதிலாகப் படுக்க இடம் வாங்கியிருக்கிறார். ஆனால் இந்தத் தெருவில் வெளிநாட்டுச் சபர் என்றால் மாடி வீடு, அத்தர் வாசனை, கயிறு கட்டிய பெட்டி. யார் கேட்டாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள். மாஷிதாவைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

மேடம் ஒரே ஒரு பிஸ்தாவை எடுத்து மென்றபடி, வீட்டை நன்றாக வைத்திருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார். வசதியான வீட்டுக்கு எதற்கு வேன் செலவு என்று எழுதிவிடுவாரோ.

உள்ளேயிருந்து வந்த இஃப்ரா, மேடம் என்ன சொன்னார் என்று கேட்டாள். வேனில் கடல் பக்கத்து ஜன்னல் தனக்குத்தான் என்று தோழிகளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். நூர் நிஷா தட்டைக் கழுவப் போனாள்.

“அந்தம்மா கார் இன்னும் பள்ளிவாசல்கிட்டதான் நிக்குது,” என்றாள் மாஷிதா. “போயி உள்ளதைச் சொல்லுங்க.”

“அங்கன தெருவே நிக்குமே.”

“அப்பப் பேசாம புலிகிட்டச் சொல்லுங்க.”

நூர் நிஷா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். கடற்காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. எங்கே இவ்வளவு வேகமாக என்று யாரோ வாசலிலிருந்து கேட்டார்கள். காதில் வாங்காமல் நடந்தாள். காரைச் சுற்றி நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. அவள் கண்ணாடியைத் தட்டினாள். அது மெல்ல இறங்கியது. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

“மேடம், எங்க வீட்டுக்கு இன்னொரு தடவை வாங்க,” என்றாள் நூர் நிஷா. “வர்றேன்னு சொல்லாம வாங்க.”