கரடிக் கதையின் மிச்சம்

பல்லேகலவில் உள்ள தளபாடத் தொழிற்சாலையொன்றில் தேநீர் மணி அடித்ததும் தச்சர்கள் பலகைக் கொட்டகைக்குப் பின்புறம் கூடுவார்கள். ஒரே தீக்குச்சியில் நாலைந்து சிகரெட்டுகள் பற்றும். அவர்களில் ஒருவரான ஸ்ரனிஸ்லாஸ் கதை சொல்லுவார். அந்தக் கதை முடியட்டும் என்றே இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைத்தவர்களும் உண்டு.

தொழிற்சாலைத் தாதி பஸீஹா, புகைத்தலைக் கைவிடும் திட்டமொன்றைத் தொடங்கியபோது முதலில் பெயர் கொடுத்தவர் ஸ்ரனிஸ்லாஸ்தான். சில கிழமைகள் கராம்பை மென்று காலம் தள்ளினார். இருமல் போயிற்று. ஆனால் சிற்றுண்டிச்சாலையில் அவருக்கு எதிரே வெறும் கதிரை. கூடவே வேலை பழகிய நண்பர் நிஸாம் இன்னும் கொட்டகைக்குப் பின்னால். இன்றும் நிஸாம் இங்கே வராவிட்டால், நாளை தாமே அங்கே போய்விடுவோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"மிஸ், கராம்பு சிகரெட்ட மறக்க வைக்குது. நிஸாம மறக்க வைக்கலியே," என்றார் பஸீஹாவிடம்.

"அப்ப அவரையும் இங்க கூப்பிடுங்களேன்."

"நான் கூப்பிட்டா வரமாட்டான். கரடி கூப்பிட்டா வருவான்."

பாதியில் நின்ற கதை அது. பெரஹரா ஊர்வலம் பார்க்க மலையிலிருந்து இறங்கிய கரடியொன்று, தன்னை யாரும் அறியாதிருக்கப் பொலிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டது. கண்டி நகரத்தார் அதைப் போக்குவரத்துப் பொலிஸ் என்று நம்பி நாற்சந்தியில் நிறுத்திவிட்டார்கள். தூரத்தே இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில்தான் ஸ்ரனிஸ்லாஸ் சிகரெட்டையும் கதையையும் ஒன்றாக நிறுத்தியிருந்தார்.

அன்று யன்னலோரம் அமர்ந்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உரத்த குரலில் கதையைத் தொடர்ந்தார். கரடி கையைத் தூக்கியது. பேராதனை பஸ் நின்றது. அதன் பின்னால் வந்த பெரஹரா யானையும் நின்றது.

யன்னலுக்கு வெளியே நிஸாமின் தலை தெரிந்தது.

"உள்ள வா மச்சான், கதிர இருக்கு."

"எனக்கு வேல ஈக்கி. நீ சொல்லு, இன்ஸ்பெக்டர் வந்தாரா?"

"வந்தாரு. கரடிய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'ஏம்ப்பா, டியூட்டிக்கு வாறப்ப சவரம் பண்ணிட்டு வரமாட்டியா'ன்னு கேட்டாரு."

நிஸாம் கதைசொல்லியிடமிருந்து கண்ணை எடுக்காமலே காதோரம் கையைக் கொண்டுபோனார். அவருக்கு எப்போதும் ஒரு காதில் பென்சில், மறுகாதில் சிகரெட். கைக்கு வந்ததை வாயில் வைத்து லைட்டரைத் தட்டினார். இழுத்தார். மறுபடி தட்டினார். கருகிய மரவாசம் எழுந்தது.

"பென்சில் முடிஞ்சா பலகையப் பத்தவைப்பியா மச்சான்?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ்.

சிற்றுண்டிச்சாலையே குலுங்கியது. எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தவர் நிஸாம். சிரிப்பு இருமலாகி, இருமல் மீண்டும் சிரிப்பாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து அந்த வெறும் கதிரையில் உட்கார்ந்தார். காதில் எஞ்சியிருந்த சிகரெட்டை எடுத்து, அங்கே கதை கேட்டு நின்ற பஸீஹாவிடம் நீட்டினார். அவர் பதிலுக்கு ஒரு கராம்பைக் கொடுத்தார்.

"இத எந்தக் காதுல வெக்கிற மிஸ்?" என்று கேட்ட நிஸாம், ஸ்ரனிஸ்லாஸ் பக்கம் திரும்பினார். "சரி, கரடி என்ன சொல்லிச்சு?"

"அது நாளைக்கு," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "இதே கதிரையில."