சீப்பில் கத்திய கானாங்கோழி

அந்த ஆண்டு எங்கள் ஊருக்கு வந்தது ஒரே ஒரு கானாங்கோழி. அதை அறுத்தவன் நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. தீவனப் புல்லை வயலின் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி அறுத்து வர வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் பறவை வேலிப் பக்கம் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். எங்கள் யூயிஸ்ட் தீவில் இது தெரியாத ஆள் இல்லை. அன்று எனக்கு அவசரம். டிராக்டரை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே விட்டேன். கடைசியில் நடுவே ஒரு பாய் அளவு புல் மிஞ்சியது. அதற்குள் அதுவும் இருந்தது.

அவசரத்துக்குக் காரணம், பிற்பகல் கவியரங்கத்தில் நான் கவிதை வாசிக்க வேண்டும். கவிதை அந்தக் கானாங்கோழியைப் பற்றியது.

வாசித்தேன். "க்ரெக்-க்ரெக்" என்று நான் கத்திய இடத்தில் கைதட்டல் கூரையைத் தூக்கியது. எப்படி இருந்தது என்று பாதிரியாரைக் கேட்டேன். எங்கள் ஊரில் நேராகப் பதில் சொல்வது மரியாதைக் குறைவு. "மழை வராம இருந்துச்சே, அதுவே பெரிசு" என்றார். தபால்காரி மோராக், "சட்டை எடுப்பா இருந்துச்சு, லாக்லன்" என்றாள்.

எனக்கு வேண்டியது ரூவரி அண்ணனின் பதில். பக்கத்து வீடு. தீவிலேயே பெரிய கவிஞர். முப்பது வருடமாக என் கவிதைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "காகிதம் நல்ல தடிமன்" என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை. இந்த வசந்தத்தில் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார். கட்டிலை என் வயலைப் பார்த்த ஜன்னலோரம் போடச் சொன்னார். கானாங்கோழியின் கரகரப்பைக் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம்.

மறுநாள் அவர் மனைவி ஒய்ரிக் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, உன் வயல்ல அது கத்தவே இல்லையே? அவர் கண்ணை மூடல."

"புல்லை அறுத்தாச்சுல்ல அண்ணி, அம்மணமா நிக்கிற மாதிரி இருக்கும். வெக்கப்படுது."

வெட்கப்பட வேண்டியவன் அன்று மாலை சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தான். சின்ன வயதில் சீப்புப் பல்லில் ஆட்டெலும்பை இழுத்து அந்தப் பறவையை ஏமாற்றுவோம். என் சீப்புக்கும் பல வருடமாகத் தலையில் வேலையில்லை. இழுத்தேன். க்ரெக்-க்ரெக். முழங்கால் நனைந்து, சளி பிடித்து, மூன்று மாலை இழுத்தேன்.

"வந்துடுச்சுப்பா!" என்று ஒய்ரிக் ஒரு தட்டு ஓட்ஸ் ரொட்டி கொடுத்தாள்.

நான்காம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். முகம் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"அண்ணே, சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். பாழாய்ப்போன ஆசை விடவில்லை. "போன மாசம் கொடுத்தேனே, அந்தக் கானாங்கோழிக் கவிதை... எப்படிண்ணே?"



"கானாங்கோழி நடுவுல இருமாதுடா," என்றார். "செவ்வாக்கிழமை நீ ஓரத்துலேந்து உள்ள போனதை இங்கேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நிறுத்துடான்னு கத்தினேன். இந்தக் கட்டிலைத் தாண்டல என் சத்தம்."

பையிலிருந்த சீப்பைக் கையால் மூடிக்கொண்டேன்.

"கவிதையைப் பத்திக் கேட்டேல்ல? அதுலயும் நீதான் கத்துறே. பறவை இல்ல. ஜன்னலைச் சாத்திட்டுப் போ."