சத்தமில்லாமல் கிளம்பிய கார்

வீரபாண்டியின் காரைப் பற்றி அந்த ஊரில் இரண்டு கருத்து கிடையாது. அது ஊர்க் கார். வாங்கியது அவன், லோனு கட்டுவது அவன், பெட்ரோல் போடுவது அவன். ஆனாலும் ஊர்க் கார்தான். திருச்சுழிக்குக் காலையில் ஒரு பஸ்ஸு, மத்தியானம் ஒரு பஸ்ஸு என்று இருக்கிற ஊரில், இஞ்சின் உறுமினால் போதும். தலை சீவினது பாதி சீவாதது பாதியாக ஓடிவந்து கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பெட்ரோல் விலை நூறைத் தாண்டியதும் நிலைமை இன்னும் மோசமானது. பைக் வைத்திருந்தவர்களும் அதைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, வீரபாண்டி வீட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். போன மாதம் ஒரு சட்டை எடுக்க அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினான். கூட ஏறியவர்களுக்காக உரக்கடை, பல் ஆஸ்பத்திரி, பாளையம்பட்டியில் ஒருவரின் மகள் வீடு என்று சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டுச் சட்டை எடுக்காமலே திரும்பினான். “வண்டி நல்லா ஓடுதுலே” என்று பாராட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

இப்போது தங்கை முருகலட்சுமி பையனுக்குக் காதுகுத்து. திருச்சுழிக்கு இந்தப் பக்கம், வயக்காட்டு அய்யனார் கோயிலில். பத்து மணிக்குள் குத்தியாக வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன் வீரபாண்டி. அவன் நேரத்துக்கு வராவிட்டால் பெரியப்பா மகன் சோணைமுத்து இருக்கிறான். அவனும் முறைக்கு மாமன்தான். முருகலட்சுமிக்குப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ‘எம் மடி காலியாத்தான் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். அவன் மடியில் மருமகன் உட்காருவதை நினைத்தாலே வீரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

காதுகுத்துக்கு ஊருக்கே அழைப்பு. அதனால் ஊரே காலைப் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு, இஞ்சின் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

“சத்தம் கேட்டாத்தானே வருவாக. நாம சத்தமில்லாமப் போவோம்” என்றான் வீரபாண்டி, மனைவி தங்கலட்சுமியிடம்.

“எப்படிப் போவீக?”

“நீ தள்ளு. ஊரு தாண்டுனதும் ஸ்டார்ட் பண்ணிக்கிருவோம்.”

தங்கலட்சுமி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான பெண்களுக்கு மட்டுமே வரும் பார்வை அது. பிறகு கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டுச்சேலையோடு காரின் பின்னால் போய் நின்றாள். சீர்த்தட்டு, மாலை, தங்கத் தோடு எல்லாம் பின்சீட்டில் பத்திரமாக இருந்தன. கார் பூனை மாதிரி நகர்ந்தது.

தெருமுனை வரைக்கும்தான். அங்கே வேப்பங்குச்சியும் வாயுமாக ராமசுப்பு நின்றான். வீரபாண்டியோடு ஒன்றாகப் படித்து ஒன்றாகப் படிப்பை நிறுத்தியவன்.

“என்னலே, மதினியத் தள்ள விட்டுட்டு நீ உள்ள உக்காந்திருக்க?”

வீரபாண்டிக்கு வாயில் வந்தது பொய்தான். “வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுலே.”

“அடப் பாவமே” என்றான் ராமசுப்பு. குச்சியைத் துப்பிவிட்டுத் தெருவைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தான். அவ்வளவுதான், ஊர் திரண்டுவிட்டது. எல்லாரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டித் தயாராகவே இருந்தார்கள். தங்கத்தாய் ஆத்தா கூட டிக்கியில் கை வைத்து நின்றாள். அவள் தள்ளினாளா, சாய்ந்துகொண்டாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

கொஞ்ச தூரத்தில் களைத்துத் திரும்பிவிடுவார்கள், அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று வீரபாண்டி கணக்குப் போட்டான். சாவியில் கை வைத்துத் திருப்புவது போல நடித்தான். ஆனால் ஒருத்தரும் களைக்கவில்லை. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, மேலே காந்தல் வெயில், நடுவில் கார் நடந்து போய்க்கொண்டிருந்தது. கண்மாய்க் கரையைத் தாண்டும்போது போன் அடித்தது.

“அண்ணே, எங்கண்ணே வார?” முருகலட்சுமிக்குக் குரல் உடைந்திருந்தது. “ஆசாரி வந்துட்டாரு. சோணைமுத்து அண்ணன் பட்டுவேட்டி கட்டி மனையில உக்காந்துட்டாக. எந்திரிக்கச் சொன்னா காது கேக்காத மாதிரி இருக்காக.”

வீரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அற்பப் பெட்ரோலுக்காக, கூடப் பிறந்தவளை அழ வைத்துவிட்டோமே. அவன் பிரேக்கைப் போட்டு இறங்கினான்.

“எல்லாரும் மன்னிச்சிருங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்குத் தெரியாமப் போகணும்னு பொய் சொன்னேன்.”

“அது தெரியும்” என்றான் ராமசுப்பு வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “கெட்டுப்போன வண்டியத் தள்ள எவளாச்சும் கொலுசக் கழட்டி இடுப்புல செருகுவாளாலே?”

“தெரிஞ்சா எதுக்குத் தள்ளுனீக?”

“ஓட்டிட்டுப் போனா அஞ்சு பேருக்குத்தான் எடம். தள்ளிட்டுப் போனா ஊருக்கே எடம். நீ ஏறு, கோயிலு அந்தா தெரியுது. தாய்மாமன் தனியாப் போயி எறங்குனா நமக்குத்தான் கேவலம்.”

வீரபாண்டி ஏறினான். பிறகு நடந்ததை அந்த ரோடு மறக்காது. ஊர் மொத்தமும் ஓட்டமாக ஓடித் தள்ளியது. பெண்கள் குலவை போட்டார்கள். புழுதி கிளம்பியது. கோயில் வாசலில் நின்ற சம்பந்தி வீட்டார், இப்படி ஒரு மாமன் சீரை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று வாயைப் பிளந்தார்கள். கார் வந்த வேகத்தில் பிரேக்குக்கும் அடங்காமல், பந்தக்காலில் போய் முட்டித்தான் நின்றது. சத்தம் கேட்டு நிமிர்ந்த சோணைமுத்து, அத்தனை பேரும் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே மனையை விட்டு எழுந்து, பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

மருமகன் வீரபாண்டி மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது அவன் மீசையைப் பிடித்து இழுத்து வீறிட்டான். வலித்தது. ஆனாலும் வீரபாண்டிக்கு அதைப் போல ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் வந்ததில்லை.

கிடாக்கறிச் சோறு முடிந்தது. வீரபாண்டி வெற்றிலையைப் போட்டுக்கொண்டு காரிடம் வந்தபோது, ஊர் அங்கே கூடியிருந்தது. யாரும் பின்பக்கம் போகவில்லை. எல்லாரும் கதவுப் பக்கமே நின்றார்கள்.

“கறி தின்ன வயித்தோட தள்ள ஏலாதுலே. நீ ஸ்டார்ட் பண்ணு. அஞ்சஞ்சு பேரா ஏத்திக்கிட்டுப் போயி விட்டுட்டு வா, நாங்க நெழல்ல இருக்கோம்” என்றான் ராமசுப்பு.

வீரபாண்டி கதவைத் திறந்தான். முன்சீட்டில் சோணைமுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

“என்னைய மட்டும் பரளச்சி வரைக்கும் கொண்டுபோயி விட்ரு” என்றான்.

அது எதிர்த் திசை.